வேகத்தைப் போட்டு வைக்கும் உண்டி: ஒரு பொம்மைக் காரின் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார் வீட்டில் ஒரு பேரன் இருந்தால் வகுப்பு முடிவதே இல்லை. பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போயிருந்தோம். மலையடிவாரத்துக் கடையில் பேரன் அடம்பிடித்து ஒரு சிவப்புக் கார் வாங்கினான். தரையில் நாலு முறை அழுத்தி உரசிவிட்டால் 'விர்ர்ர்' என்று கத்திக்கொண்டு ஓடுமே, அந்தக் கார். குயிலாப்பாளையம் வந்து சேர்ந்த மறுநாள் காலையில் பார்த்தால், திண்ணையில் காரின் மேல்மூடி ஒரு பக்கம், அடிப்பாகம் ஒரு பக்கம் கிடக்கிறது. என் மகள் கையை ஓங்கிவிட்டாள். "வாங்கிக் குடுத்து ஒரு நாள் ஆவல, அதுக்குள்ள ஒடச்சி வெச்சிருக்கான் பாருப்பா" என்றாள்.

பேரன் அழவில்லை. "தாத்தா, உள்ள பேட்டரியும் இல்ல, ஸ்பிரிங்கும் இல்ல. அப்பறம் எப்பிடி ஓடுது?" என்று கேட்டான்.

முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்தியவன் நான். அவனுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோது, பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவனுக்கு நான் போட்ட பூஜ்ஜியம் நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் காரைப் பார்ப்போம்.

உள்ளே மூன்று நான்கு சின்னப் பல்சக்கரங்கள். அவற்றின் முடிவில், நாணயம் போல வட்டமாக, ஆனால் நல்ல தடிமனாக ஓர் இரும்பு வட்டு. அவ்வளவுதான். அந்த வட்டின் பெயர் ஃப்ளைவீல்.

ஓடும் பொம்மைக் கார்களில் பேட்டரி இல்லாதவை இரண்டு வகை. சாவி கொடுக்கும் காரும், பின்னால் இழுத்துவிடும் காரும் ஒரு வகை. அவற்றில் நம் கையின் உழைப்பு ஸ்பிரிங்கின் முறுக்கில் தங்குகிறது. உரசிவிடும் கார் இன்னொரு வகை. இதில் நம் உழைப்பு ஒரு வட்டின் சுழற்சியில் தங்குகிறது. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முறுக்கிய காரை எவ்வளவு நேரம் கையில் பிடித்திருந்தாலும் விட்டவுடன் ஓடும். உரசிய காரைத் தூக்கிக் கையில் வைத்திருந்தால் 'விர்ர்' சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். அப்புறம் தரையில் வைத்தால் அது நகராது. சுழற்சி காத்திருக்காது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

கார் 60 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அதன் சக்கரம் இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவு. உள்ளே இருக்கும் வட்டு 20 கிராம், இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவு. பல்சக்கரங்களால், கார்ச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டு 15 சுற்றுச் சுற்றும். நாம் காரை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தள்ளினால் கார்ச் சக்கரம் விநாடிக்குச் சுமார் 13 சுற்று, வட்டு சுமார் 190 சுற்று. நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 11,000 சுற்றுக்கு மேல்! அந்த 'விர்ர்' சத்தம் வேறு எங்கிருந்தும் வரவில்லை.

கார் நகர்வதில் உள்ள ஆற்றல் 0.03 ஜூல். வட்டின் சுழற்சியில் உள்ள ஆற்றல் 0.72 ஜூல். அதாவது 24 மடங்கு. சுழலும் பொருளின் ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதுதான் காரணம். சுழற்சி இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பல்சக்கரங்கள் வேகத்தைப் பெருக்கிப் பெருக்கி வட்டுக்குக் கொடுப்பது இதற்காகத்தான். காரைத் தள்ளும்போது கைக்குக் 'கனமாக' இருப்பதும் இதனால்தான். நாம் தள்ளுவது காரை மட்டுமல்ல, அந்த வட்டையும் சேர்த்து.

வட்டு இல்லாத சாதாரண பொம்மையை அதே வேகத்தில் சரிவில் ஏறவிட்டால் 5 சென்டிமீட்டர் உயரம் ஏறுவதற்குள் நின்றுவிடும். வட்டு உள்ள கார், உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். உண்மையில் உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனாலும் தலையணை மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும்.

இந்தக் காரை முதலில் விற்றவர்கள் வைத்த பெயரும் அதுதான்: 'ஹில் கிளைம்பர்', அதாவது மலையேறி. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் என்று ஓர் ஊர். இஸ்ரேல் டொனால்ட் பாயர், எடித் பாயர் என்ற இருவர் 1897-இல் இந்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். டேட்டனில் டி.பி. கிளார்க் என்பவரின் கம்பெனி, தகடும் மரமும் சேர்த்துக் கனமான வார்ப்பிரும்பு வட்டு வைத்து வண்டிகள் செய்து விற்றது. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊரும் அதே டேட்டன்தான். 1903-இல் அவர்கள் விமானம் பறக்கவிட்ட காலத்தில், அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் தரையில் இந்த வண்டிகளை உரசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆங்கிலத்தில் இதை 'ஃப்ரிக்ஷன்' பொம்மை, அதாவது உராய்வு பொம்மை என்பார்கள். அந்தக் கால வண்டிகளில் பல்சக்கரம் கிடையாது. வட்டின் மெல்லிய அச்சு, ஓடும் சக்கரத்தின் மேல் நேராக உரசி நின்று சுழலும். பல்சக்கரம் பிற்பாடு வந்தது, பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தத் தொழில் ஜப்பானுக்குப் போனது. தோற்றுப்போன நாடு, தகரத்துக்கே பஞ்சம். அமெரிக்கச் சிப்பாய்கள் சாப்பிட்டுப் போட்ட டப்பாக்களின் தகரத்தில் ஜீப் பொம்மை செய்து 1945 கடைசியில் விற்றார்கள். அங்கே தொடங்கி, 1950களில் உரசி விடும் தகரக் கார்களைக் கப்பல் கப்பலாக உலகத்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். பிறகு தகரம் பிளாஸ்டிக் ஆனது. அந்த வழியில் வந்ததுதான் மயிலம் திருவிழாவில் நாம் வாங்கும் கார்.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கண்டுபிடித்தது என்று இங்கே முடித்துவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

என் வயதுக்காரர்கள் பள்ளியில் தக்களி சுற்றியது நினைவிருக்கிறதா? ஒரு மெல்லிய கம்பி, அதன் கீழே ஒரு வட்டு. காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டம் 1937-இல் வார்தாவில் உருவானது. அதன் மிச்சமாக எங்கள் காலத்திலும் நூற்பு வகுப்பு இருந்தது. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் தக்களி தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், நாங்கள் பஞ்சை இழுத்து நூலாக்குவோம். கீழே அந்த வட்டு இல்லாவிட்டால் வெறும் கம்பி இரண்டு சுற்றில் நின்றுவிடும். அந்த வட்டும் ஃப்ளைவீல்தான். கீழடி அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. கீழடியின் காலம் பொது ஆண்டுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019-இல் வந்த தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,500 வருடங்களுக்கு மேல்.

குயவர் சக்கரமும் அப்படித்தான். விளிம்பில் உள்ள குழியில் கோலை வைத்து வேகமாகச் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிடுவார். அப்புறம் இரண்டு கையும் மண்ணில்தான் இருக்கும். சக்கரத்தைச் சுற்றுவது யார்? கொஞ்ச நேரம் முன்பு அவர் செய்த உழைப்பு. அதனால்தான் அந்தச் சக்கரத்தின் கனம் முழுக்க விளிம்பில் வைத்திருப்பார்கள். ஒரே எடை நடுவில் இருப்பதைவிட விளிம்பில் இருந்தால் அதிக ஆற்றல் தங்கும். இதை அவர்கள் சூத்திரமாக எழுதி வைக்கவில்லை, சக்கரமாகச் செய்து வைத்தார்கள்.

1780களில் ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினைச் சுழலும் என்ஜினாக மாற்றியபோது அவருக்கும் ஒரு பெரிய ஃப்ளைவீல் தேவைப்பட்டது. அங்கிருந்து அது டீசல் என்ஜினுக்கு வந்தது. புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் 1946-இல் தொடங்கியது. மணிலாவும் நெல்லும் பயிரிட்ட நம் திண்டிவனம் பக்கத்துக் கிணற்று மேடுகளில் 'டுப் டுப் டுப்' என்று ஓடிய ஆயில் என்ஜினை மறக்க முடியுமா? பக்கத்தில் ஆள் இடுப்பு உயரத்துக்குச் சுழலும் இரும்புச் சக்கரம், கிட்டே போகாதே என்று விரட்டும் பெரியவர்.

அந்த என்ஜினில் பிஸ்டன் நான்கு முறை மேலும் கீழும் போனால் அதில் ஒரு முறைதான் எண்ணெய் எரிந்து தள்ளும். மற்ற மூன்று முறையும் என்ஜினை இழுத்துக்கொண்டு போவது அந்தச் சக்கரம். கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்பவர் உண்மையில் செய்வது என்ன? முதலில் சக்கரத்துக்கு வேகம் ஏற்றுகிறார். அது போதும் என்றானதும் நெம்புகோலை விடுகிறார். என் பேரன் காரை நாலு முறை உரசுவதும் அதே வேலைதான்.

இப்போது அந்தப் பூஜ்ஜியக் கதை.

எண்பதுகளின் பிற்பகுதி. ஒரு வகுப்புத் தேர்வில் நானே ஒரு கேள்வி போட்டேன்: ஆயில் என்ஜினில் ஃப்ளைவீலின் பயன் யாது? இரண்டு மதிப்பெண். ஒரு பையன் எழுதியிருந்தான்: "அது வேகத்தப் போட்டு வெக்கிற உண்டி. எஞ்சின் ஒரு வாட்டி குடுக்கும், மூணு வாட்டி கடன் வாங்கும்." அவன் அப்பா ஊர்க் கிணறுகளுக்கு ஆயில் என்ஜின் ஓட்டப் போகிறவர். நான் சிவப்பு மையில் சுழித்துப் பூஜ்ஜியம் போட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுவதும் அவன் கை தூக்கவில்லை.

அவன் விடையில் 'வேகம்' என்பதை 'ஆற்றல்' என்று ஒரு சொல் மாற்றினால் போதும். பாடப்புத்தகத்தைவிடத் தெளிவான விடை. நான்கில் ஒன்று கொடுத்தல், மூன்று கடன் என்று நான்கு வீச்சுக் கணக்கையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். நான் எழுதிப்போட்ட வரியைத் திருப்பி எழுதவில்லை என்பது மட்டும்தான் அவன் செய்த தப்பு.

அவன் உண்டியைப் பேருந்து அளவுக்குச் செய்தே காட்டியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் இவெர்டோன் என்ற ஊரில் 1953 முதல் 1960 வரை 'கைரோபஸ்' ஓடியது. ஓர்லிகோன் கம்பெனி செய்தது. உள்ளே ஒன்றரை டன் எடையுள்ள சக்கரம், நிமிடத்துக்கு 3,000 சுற்று. நிறுத்தத்தில் மின்கம்பத்தைத் தொட்டு மோட்டாரால் சக்கரத்துக்கு வேகம் ஏற்றிக்கொள்ளும். அப்புறம் அந்த வேகத்தைச் செலவு செய்துகொண்டே சுமார் 6 கிலோமீட்டர் போகும். உண்டியில் போடு, எடுத்துச் செலவு செய், மறுபடி போடு. பையன் எழுதியது அதுதானே?

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. இதைப் படித்தால் உனக்குத் தெரியும். அந்த இரண்டு மதிப்பெண் உன்னுடையது. வகுப்பைச் சிரிக்க வைத்ததற்கு இந்த வாத்தியாரை மன்னித்துக்கொள்.

காரை நானும் பேரனும் மறுபடி மாட்டிப் பார்த்தோம். ஒரு பல்சக்கரம் திண்ணை இடுக்கில் விழுந்து தொலைந்துவிட்டது, கார் ஓடவில்லை. அவனுக்குக் கவலையே இல்லை. அந்த இரும்பு வட்டை ஒரு குச்சியில் செருகிப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். அதுவும் ஃப்ளைவீல்தான், அவனே கண்டுபிடித்துவிட்டான்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பொம்மையைப் பிரித்தால் கை ஓங்காதீர்கள். கைக்குழந்தை பக்கத்தில் இருந்தால் மட்டும் சின்ன உதிரிகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பிறகு ஒரு ஸ்குரூ டிரைவரோடு பக்கத்தில் உட்காருங்கள்.

உங்கள் ஊரில் ஆயில் என்ஜினின் அந்தப் பெரிய சக்கரத்துக்கு என்ன பெயர் சொல்வார்கள்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.