இசக்கி, சக்கி ஆன கதை

சென்ற கட்டுரையில் தாலுகா அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "கம்ப்யூட்டர் வந்த காலத்தையும் எழுதுங்கள்" என்று சில நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் கணினி படித்தவன் அல்ல. ஆனால் தமிழ் எழுத்து கணினிக்குள் பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்தவன். அதில் ஒரு பகுதி எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடந்தது.

என் மனைவியின் ஊர் சேரன்மகாதேவி பக்கம் ஒரு சிறு கிராமம். அங்கே இசக்கியம்மன் கோயில் கொடைக்கு வரிப் பட்டியல் எழுதுவது, சர்க்கார் உத்தியோகஸ்தன் என்ற ஒரே தகுதியால், என் தலையில் விழுந்த வேலை. 2001-இல் சென்னையில் கணினி வேலை பார்த்த என் மருமகன் (தங்கை மகன்), "மாமா, நான் டைப் பண்ணி மெயிலில் அனுப்புகிறேன். நீங்கள் பிரிண்ட் எடுத்து ஒட்டினால் போதும்" என்றான். அதற்குரிய எழுத்துருவையும் சேர்த்தே அனுப்பினான். பாளையங்கோட்டையில் ஒரு பிரௌசிங் சென்டரில் அதைத் திறந்து, நகல் எடுத்து, கோயில் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஒருவர் வாசலில் நின்றார். "என்ன சார்வாள், எங்க ஆத்தா பேரு இசக்கியம்மா. நீங்க சக்கியம்மான்னு போட்டிருக்கீங்க. அம்மன் பேரையே வெட்டிப்புட்டீங்களே!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். இசக்கிமுத்து சக்கிமுத்துவாக நின்றார். இசக்கிப்பாண்டி சக்கிப்பாண்டி ஆகியிருந்தார். இராமலிங்கம், ராமலிங்கம் ஆனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆனால் நம் ஊரில் வீட்டுக்கு ஓர் இசக்கி உண்டு. பட்டியலில் பாதிப் பேர் தலையிழந்து நின்றார்கள். பட்டியல் முழுவதிலும் காணாமல் போனது 'இ' என்ற ஓர் எழுத்து மட்டும்தான். மருமகனின் கணினியில் அது இருந்தது. பாளையங்கோட்டையில் இல்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம்தான். ஆனால் முப்பது வருஷம் கோப்பு பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேஷன் அட்டையில் ஒரு பெயர், உதவித்தொகை ஆணையில் ஓர் எழுத்து குறைந்த பெயர் என்று ஆகிவிட்டால், ஒரு விதவைத் தாய் எத்தனை முறை படியேற வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த 'இ' எங்கே போயிற்று? அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நம் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில், 1586-இல், அண்ட்ரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சானதாக அச்சு வரலாறு சொல்கிறது. ஈயத்தில் எழுத்து வார்த்து அச்சடித்த காலத்தில் அச்சுக்கோப்பவருக்கு முன்னால் அறை அறையாகப் பெட்டி இருக்கும். எழுத்து கூடினால் அறையைக் கூட்டிக்கொள்ளலாம். பிறகு 1930-களில், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வாழ்ந்த ரா. முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை உருவாக்கினார். சாவிகளின் எண்ணிக்கைக்கு எல்லை இருந்ததால், எழுத்தைத் துண்டு போட வேண்டியதாயிற்று. கொம்பு தனி, கால் தனி. புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அதன் கீழே எழுத்தைத் தட்ட வேண்டும். என் தலைமுறை எழுத்தர்களுக்கு இது கைப்பழக்கம். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்த அரசாணை, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியபோது, எங்கள் விரல்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது.

கணினியில் நெருக்கடி வேறு வகை. அன்றைய கணினிக்கு எழுத்து என்பது 0 முதல் 255 வரை ஓர் எண். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு. மேல்பாதி 128-இல் முதல் 32 இடங்கள் பல கருவிகளில் நம்பத்தக்கவை அல்ல. மிச்சம் 96. அந்த 96-லும் பிரெஞ்சு, செருமன், போர்த்துகீசு எழுத்துகள் முன்பே குடியேறியிருந்தன. நமக்கோ 247 எழுத்து. ஆகவே தமிழ் எழுத்துரு செய்தவர்கள் தட்டச்சு இயந்திரத்தைப் போலவே எழுத்தைத் துண்டாக்கி, அந்த ஐரோப்பிய எழுத்துகளின் வீட்டில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். கணினி அதைப் பிரெஞ்சு எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு மட்டும் தமிழாகத் தெரியும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எழுத்துரு இல்லாத கணினியில் முதன்முதலாக ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தபோது எல்லோரும் "குப்பை" என்றார்கள். எனக்கு மட்டும் அது என் பள்ளிக்கூடம். 'ஒபித்தால்' (ஆஸ்பத்திரி) என்று எழுதும்போது தொப்பி போடுவோமே, அந்த ஓ அங்கே உட்கார்ந்திருந்தது. தொப்பியை மறந்தால் 'திக்தே' வகுப்பில் வாத்தியாரிடம் மதிப்பெண் போய்விடும். அப்போது புழங்கிய டிஸ்கி என்ற எழுத்து முறையில் அந்தத் தொப்பி ஓவின் இடம் நம் 'ப்' உடையது. 'தமிழ்' என்ற சொல்லோ, முக்கால் என்ற பின்னக் குறி, தலையில் கோடிட்ட ஆங்கில ஏ, சென்ட் நாணயக் குறி, தலையில் கோடிட்ட யூ என நான்கு குறிகளாகத் தெரியும்.

இடத் தட்டுப்பாடு நமக்கு மட்டும் வந்ததல்ல. பிரெஞ்சுக்காரர்களுக்கே அந்தப் பட்டியலில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஓவும் எயும் ஒட்டிய எழுத்து அது. இதயத்துக்கும் சகோதரிக்கும் உரிய சொற்களை அது இல்லாமல் சரியாக எழுத முடியாது. 1999-இல் வந்த திருத்தப் பட்டியலில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

இப்போது 'இ'க்கு வருகிறேன். டிஸ்கியில் அ, ஆ, இ என வரிசையாக 171, 172, 173 என்று எண் கொடுத்தார்கள். ஆனால் 173 என்பது ஐரோப்பியப் பட்டியலில் ஒளிந்திருக்கும் கோடு. நீண்ட சொல் வரி முடிவில் உடைந்தால் மட்டும் அது தெரியும். மற்ற நேரங்களில் தெரியாது. சில மென்பொருள்கள் இந்த விதியைப் பார்க்காமல் எழுத்துருவில் இருந்த வடிவத்தை வரைந்துவிடும். சில, விதிப்படி மறைத்துவிடும். எங்கள் இசக்கிகளை மறைத்தது அந்த விதிதான். பின்னால் வந்த 1.7 திருத்தத்தில் 'இ'க்கு 254-ஆம் எண்ணில் வேறு வீடு கொடுத்தார்கள்.

டிஸ்கியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அதற்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் எண் வரிசை. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் படிக்க முடியாது. இதைத் தீர்க்க உலகெங்கும் தமிழர்கள் சம்பளமில்லாமல் உழைத்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். சுவிட்சர்லாந்தில், பிரெஞ்சு பேசும் லோசான் நகரில், வேதியியல் ஆராய்ச்சியாளரான கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் என்ற மின்னூல் தொகுப்பையும் தொடங்கினார். இப்படிப்பட்டவர்கள் மின்னஞ்சலில் மாதக்கணக்கில் விவாதித்துப் பிறந்ததுதான் டிஸ்கி. 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற எழுத்து முறைகளையும் ஏற்றது. அதே ஆண்டில் கோவிந்தசாமி காலமானார்.

இவற்றுக்கெல்லாம் முடிவாக வந்தது யூனிகோடு. அதில் தமிழுக்கென்று 1991 முதலே சொந்த இடம் இருந்தது. 'க' என்றால் எந்தக் கணினியிலும் 'க'தான். பிரெஞ்சுக்காரன் வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக் கணினி அதைப் படிக்க நாளாயிற்று. விண்டோஸ் 2000-இல்தான் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது. அடுத்து வந்த எக்ஸ்.பி.யில் ஒரு கட்டத்தை டிக் செய்து, சி.டி.யைப் போட்டால்தான் கொம்பு சரியான இடத்தில் நிற்கும். அதிராம்பட்டினத்துக்காரரான உமர்தம்பி 'தேனீ' என்ற யூனிகோடு எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 2006-இல் அவர் மறைந்தார்.

அந்தக் கஷ்டத்தை மருமகன் மூலம் நேரில் பார்த்தேன். 2009-இல் அவன் வரிப் பட்டியலுக்கென்றே விஷுவல் பேசிக் 6-இல் ஒரு சிறு மென்பொருள் எழுதினான். பெயரைத் தட்டினால் திரையில் வரிசையாகக் கேள்விக்குறிகள்! "உள்ளே தமிழ் சரியாகத்தான் இருக்கிறது மாமா. காட்டுகிற பெட்டிதான் பழைய 256 கணக்கில் இருக்கிறது" என்றான். ஆபீஸ் மென்பொருளோடு வந்த வேறு பெட்டிகளை மாட்டியதும் தமிழ் தெரிந்தது.

அடுத்தது அகரவரிசை. பன்னீர்செல்வம் முதலிலும் பழனி பிறகும் வந்தார்கள். ஜெயராமன், ச-வுக்கு அடுத்து, த-வுக்கு முன்னாலேயே வந்து நின்றார். காரணம், யூனிகோடில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான வரிசையைப் பின்பற்றி, ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ச-வுக்குப் பின் ஜ என்று வைத்திருக்கிறார்கள். புள்ளிக்கும் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்திய எண். ஆகவே எண்படி அடுக்கினால் அகராதியில் க-வுக்கு முன் வர வேண்டிய க், கௌ-வுக்கும் பின்னால் போய்விடும். நான் ஒரு தாளில் க், க, கா என்று தொடங்கி ன வரை எழுதி, கிரந்த எழுத்துகளைக் கடைசியில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டுக் கொடுத்தேன். அந்த எண்படி அடுக்க வைத்தான். பழனி முன்னால் வந்தார். கணினியில் நான் செய்த ஒரே நிரல் வேலை அதுதான்.

அந்த வேலை முடிந்த தைரியத்தில்தான் அலமாரியிலிருந்து நான்கு பிளாப்பிகளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். எங்கள் கோயிலில் வில்லுப் பாடிய அண்ணாவி ஒருவர், தமக்குத் தெரிந்த இசக்கியம்மன் கதை முழுவதையும் 1996-இல் பல இரவுகள் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். நான் நோட்டில் எழுதி, ஒரு டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்ய வைத்தேன். மூன்று வருஷத்தில் அண்ணாவி போய்விட்டார். நோட்டைக் கரையான் தின்றது. கடையை மூடிவிட்டார்கள். மிஞ்சியவை இந்த நான்கு பிளாப்பிகளும், பிழை திருத்துவதற்காக எடுத்த ஆறு பக்க அச்சுப் பிரதியும்.

அப்போது எழுத்துரு மாற்றிகள் வந்துவிட்டன. சுரதாவின் பொங்கு தமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் இரண்டையும் முயன்றோம். பிரபலமான எழுத்துருக்களை அவை அழகாக மாற்றும். எங்கள் கடைக்காரர் பயன்படுத்தியது எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த ஆறு பக்கம்தான் கை கொடுத்தது. அச்சில் ஓர் எழுத்து, கோப்பில் அதற்கு நேரான எண் என்று இருவரும் உட்கார்ந்து அட்டவணை போட்டோம். பழைய கோப்பில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். யூனிகோடில் எழுத்து முதலில், குறி பிறகு. அதை மாற்றி வைக்க வேண்டும். பின்னால் கால் வந்தால் கொ, கோ ஆக்க வேண்டும். இதிலும் ஒரு சங்கடம். அந்த எழுத்துருவில் ஔகாரக் குறிக்கும் ள-வுக்கும் ஒரே எண். அதனால் 'வெளி' என்பதெல்லாம் 'வௌ' என்று தொடங்கி, பின்னால் ஓர் அநாதைக் குறியோடு நின்றது. (இன்றும் இணையத்தில் இந்தப் பிழையைப் பார்க்கலாம். மாற்றி வந்த எழுத்து என்று புரிந்துகொள்ளுங்கள்.) ள-வுக்குப் பின் இன்னொரு குறி இருந்தால் அது ள-தான், ஔ அல்ல என்று ஒரு விதி எழுதினான். மிச்சத்தை நான் கண்ணால் பார்த்துத் திருத்தினேன். பதினொரு நாள் ஆயிற்று.

மூன்றாவது பிளாப்பி திறக்கவே இல்லை. அதிலிருந்த கதைப்பகுதி போனது போனதுதான். மற்ற மூன்றும் கிடைத்தன. அடுத்த கொடையில் அண்ணாவியின் பேரன் அந்தப் பிரதியை வைத்து, விட்டுப்போன இடத்தைத் தனக்குத் தெரிந்தபடி இட்டு நிரப்பிப் பாடினான்.

2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழக அரசு தரமாக ஏற்றது. இப்போது பேரன் பேத்திகள் கைபேசியில் தமிழ் தட்டும்போது, இதற்குப் பின்னால் இத்தனை பேர் உழைப்பு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அதற்காகத்தானே அவர்கள் உழைத்தார்கள்?

ஆனால் நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் அலமாரியில் பழைய பிளாப்பியோ சி.டி.யோ இருக்கலாம். குடும்ப வரலாறோ, கோயில் கணக்கோ, அம்மா சொன்ன தாலாட்டோ அதில் இருக்கலாம். இந்த வாரமே எடுத்து, பிள்ளைகளிடம் கொடுத்து, யூனிகோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதன் அச்சுப் பிரதி ஒரு பக்கமாவது இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எண் மாறினாலும் எழுத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு பக்கம் உதவும்.

எங்கள் ஊர் இசக்கியம்மாளுக்கு அடுத்த வருஷப் பட்டியலில் முதல் பெயராகவே போட்டேன். கையால் எழுதி.