வாப்பாவின் தொழிலுக்கு ஒரு பரீட்சை

கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத் அவர்களின் பெயரை நமது சபைகளில் எடுத்தால் பேச்சு உடனே தரப்படுத்தலுக்குப் போய்விடும். அது பேச வேண்டியதுதான். வடக்கின் தமிழ் மாணவர்களைக் காயப்படுத்தியதும், 1974இல் வந்த மாவட்டப் பங்கீட்டால் புத்தளம் போன்ற இடங்களுக்குப் பல்கலைக்கழக வாசலைச் சற்றுத் திறந்ததும் அவர் கல்வியமைச்சராக இருந்த 1970 - 1977 காலந்தான். ஆனால் அதே அமைச்சர் இந்நாட்டின் பாடசாலைச் சான்றிதழையே மாற்றிப் பார்த்தார் என்பதை நம்மவர்கள் ஏனோ எழுதுவதில்லை. அந்தப் பரீட்சைக்கு எத்தாளையிலிருந்து தோற்றியவர்களில் நானும் ஒருவன்.

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் துவக்கெடுத்த இளைஞர்களில் மிகப் பலர் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவர்கள். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, பாடசாலை வளர்க்கும் எதிர்பார்ப்பும் நாட்டில் கிடைக்கும் தொழிலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றது. 1972இல் சீர்திருத்தம் வந்தது. க.பொ.த. சாதாரண தரம் போய், ஒன்பதாம் தரத்தின் முடிவில் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ். ஊர் வாயில் அது என்.சீ.ஜீ.ஈ. 1975இல் முதல் தடவையாக அந்தப் பரீட்சை நடந்தது. கணிதமும் விஞ்ஞானமும் எல்லோருக்கும் கட்டாயம். நகரத்துக் கல்லூரிகளில் மட்டும் கண்டிருந்த விஞ்ஞானப் பாடம் கல்பிட்டிக் குடாநாட்டு மணலுக்கும் வந்து சேர்ந்தது. இந்த ஒன்றுக்காகவே அந்தச் சீர்திருத்தத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

புதுமை வேறொன்றிலும் இருந்தது. தொழில் முன்னிலைப் பாடம் என்று, அந்தந்த ஊரின் தொழிலையே பாடமாக்கினார்கள். எங்கள் பாடசாலைக்கு மீன்பிடி. கேட்டதும் சிரிப்பு வந்தது. விடியப்புறம் களப்பில் தோணி தள்ளிவிட்டு, காலைச் சவாரியில் வரும் ஈரச்சாரத்தோடு வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு அதைக் கற்பிக்க வந்த ஆசிரியர் மலைநாட்டுக்காரர். நல்ல மனிதர், கடல் தெரியாது. கரும்பலகையில் வலையின் வகைகளை எழுதிப் போட்டார், நாங்கள் பார்த்து எழுதினோம். பாடமாக்கினோம். தவணைப் பரீட்சையில் ஒப்புவித்தோம். வாடைக்கும் கச்சானுக்கும் இறால் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய என் கூட்டாளி ஒருவன் அந்தப் பாடத்தில்தான் வகுப்பிலேயே குறைந்த புள்ளி எடுத்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டுவது கஷ்டம்.

உம்மாவுக்கு முதலிலிருந்தே இதில் நம்பிக்கையில்லை. "கடலுக்குப் போறதுக்கு எதுக்கு மகன் சர்ட்டிபிக்கட்? கடலுக்குப் போகாம இருக்கத்தானே உன்னப் பள்ளிக்கூடம் அனுப்பினது." இந்தச் சந்தேகம் எங்கள் உம்மாவோடு தொடங்கியதல்ல. 1930களில் கண்டிப் பக்கம் ஹந்தெஸ்ஸவில் கிராமத்துத் தொழிலோடு பாடசாலையை இணைத்த திட்டத்துக்கும் நிலைக்க முடியவில்லை. 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சை இலங்கைக்கு வந்த நாளிலிருந்து சான்றிதழ் என்பது மேசை உத்தியோகத்தின் திறப்பு. கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் வேறு திறப்புத் தருகிறார்கள் என்று பட்டால், அது எந்தப் பூட்டுக்கு என்று பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். அதை அறியாமை என்று எழுதிய கல்வியாளர்கள் தங்கள் பிள்ளைகளை மீன்பிடி படிக்க விட்டார்களா என்பது எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

சீயர்ஸ் குழுவில் வந்த ரொனால்ட் டோர் 1976இல் 'த டிப்ளோமா டிசீஸ்' என்றொரு நூல் எழுதினார். சான்றிதழ் நோய் என்று சொல்லலாம். இலங்கைக்கு அதில் தனி இடமுண்டு. சான்றிதழ்தான் வேலையைத் தீர்மானிக்கிறதென்றால் கற்பித்தல் முழுவதும் பரீட்சைக்குப் பின்னால் ஓடும், பிந்தி வளர்கிற நாடுகளில் அந்த ஓட்டம் இன்னும் கடுமை என்பது அவர் வாதம். பல ஆண்டுகள் கழித்து அதை வாசித்தபோது என் மீன்பிடிக் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. பாடம் மாறியிருந்தது, ஆனால் புள்ளி போடும் விதம் மாறவில்லை. வலை பின்னுகிற கையைப் பார்த்து எங்கள் வகுப்பில் எவரும் புள்ளி போட்டதில்லை.

1977இல் ஆட்சி மாறியது. என்.சீ.ஜீ.ஈ. கைவிடப்பட்டு க.பொ.த. திரும்பி வந்தது. எங்கள் சில வருடத்துப் பிள்ளைகளின் கையில் மட்டும் அந்தச் சான்றிதழ் மிஞ்சியது. எழுதுவினைஞர் வேலைக்கு ஓர் அலுவலகத்துக்கு நான் அதைக் கொண்டுபோனபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓ.எல். இல்லையா?" என்றார். அடுத்த வருடம் அதையும் எழுதினேன்.

2025இல் கல்வியமைச்சு மீண்டும் ஒரு சீர்திருத்தத்தை அறிவித்தது. தொகுதி முறைப் பாடங்கள், சாதாரண தரத்துக்குக் குறைந்த பாடங்கள், வகுப்பறையிலேயே கணிப்பீடு. பேத்தியின் பாடசாலையில் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். செயல்முறைக்குப் புள்ளி போடுகிறவர் பிள்ளை செய்வதைப் பார்த்துப் போடுவாரா, எழுதியதைப் பார்த்துப் போடுவாரா என்று கேட்டேன். கேள்வியை எழுதித் தரச் சொன்னார்கள்.