சைக்கிளோட்டியின் கேமரா: கவசமா, சாட்சியா?

லண்டனில் காலை வேளையில் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் ஒருவரை, கைப்பிடியை உரசிவிடும் அளவுக்கு நெருங்கி ஒரு கார் முந்திச் செல்கிறது. அவர் கீழே விழவில்லை. காயமும் ஏற்படவில்லை. சில வினாடிகளில் அந்தக் கார் போக்குவரத்து நெரிசலில் மறைந்துவிடுகிறது. காவல்துறையிடம் அவர் முறையிடச் சென்றால், அவருடைய சொல்லும் அதை மறுக்கும் ஓட்டுநரின் சொல்லும் மட்டுமே மிஞ்சும்.

இந்த நிலையை மாற்றலாம் என்ற நம்பிக்கையில்தான் சைக்கிளோட்டிகள் பலர் தலைக்கவசத்திலோ கைப்பிடியிலோ சிறிய வீடியோ கேமராவைப் பொருத்திக்கொண்டு வீதியில் இறங்குகிறார்கள். ஆனால், அந்தக் கேமரா அவர்களைப் பாதுகாக்கிறதா, அல்லது பாதிப்பு நேர்ந்த பின்னர் சாட்சி சொல்வதற்கு மட்டும்தான் உதவுகிறதா என்ற கேள்விக்கு எளிதான விடை இல்லை.

கணக்கில் வராத ஆபத்துகள்

பிரிட்டனின் சாலைகளில் 2020ஆம் ஆண்டில் 141 சைக்கிளோட்டிகள் உயிரிழந்தனர். 2023ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 87 ஆகக் குறைந்தது. இவை அரசாங்கப் புள்ளிவிவரங்கள். ஆனால் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் இவற்றில் இடம்பெறுவதில்லை. சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு மீண்டும் காருக்கோ பேருந்துக்கோ திரும்பும்படி பலரை அச்சுறுத்துபவை இந்தச் சம்பவங்கள்தான்.

இவற்றை ஆராய முதலில் உதவிய கருவிகளில் கேமராவும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் அன்றாடம் சைக்கிளில் வேலைக்குச் செல்லும் 13 பேரின் தலைக்கவசங்களில் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமராக்களைப் பொருத்தினர். 2010இல் வெளியான அந்த ஆய்வில், சுமார் 127 மணி நேரப் பதிவில் 54 ஆபத்தான சம்பவங்கள் காணப்பட்டன. அவற்றில் இரண்டு மட்டுமே உண்மையான மோதல்கள். பெரும்பாலான சம்பவங்களுக்கு, அதாவது 87 சதவீதமானவற்றுக்கு, வாகன ஓட்டுநர்களின் நடத்தையே காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

பிரிட்டனில் பேராசிரியர் ரேச்சல் ஆல்ட்ரெட் 2014இல் தொடங்கிய ஆய்வு மற்றுமொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. மெதுவாகச் செல்லும் சைக்கிளோட்டிகளே மைலுக்கு மைல் அதிகமான ஆபத்துகளைச் சந்திக்கிறார்கள். பெண்கள் சராசரியாக மெதுவாகச் செல்வதால் இந்தச் சுமை அவர்கள் மீது கூடுதலாக விழுகிறது.

ஐந்து சென்டிமீட்டர்

தாம் படம் பிடிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் ஓட்டுநர்கள் ஒதுங்கிச் செல்வார்கள் என்பது கேமராவை ஆதரிப்பவர்களின் முக்கிய வாதம். இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர் பாத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் இயன் வாக்கர். ஏழு விதமான உடைகளில் சைக்கிள் ஓட்டி, முந்திச் சென்ற 5,690 வாகனங்கள் விட்ட இடைவெளி அந்த ஆய்வில் அளக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2014இல் பிரசுரமாயின.

பளிச்சென்ற நிறமுள்ள மேலங்கியோ, பந்தய வீரரின் உடையோ, புதிதாகச் சைக்கிள் ஓட்டுபவர் என்ற அறிவிப்போ குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. ஒரே ஒரு உடைக்குத்தான் பலன் இருந்தது. காவல்துறை என்ற சொல்லும், வீடியோ பதிவு நடக்கிறது என்ற எச்சரிக்கையும் கொண்ட மேலங்கி அது. அதை அணிந்தபோது சராசரி இடைவெளி 117 சென்டிமீட்டரிலிருந்து 122 சென்டிமீட்டராக உயர்ந்தது. கிடைத்த ஆதாயம் ஐந்து சென்டிமீட்டர்.

ஆனால் எந்த உடையை அணிந்தாலும், ஒன்று முதல் இரண்டு சதவீத வாகனங்கள் 50 சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளியிலேயே முந்திச் சென்றன. மிக ஆபத்தான ஓட்டுநர்களைச் சைக்கிளோட்டி தன் தோற்றத்தால் தடுக்க முடியாது என்பதே ஆய்வு உணர்த்திய பாடம். கேமராவைக் கவசமாக நம்புபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

காவல்துறை செவிசாய்த்தபோது

சாட்சி என்ற வகையில் கேமராவின் மதிப்பு வேறு. ஆனால் அந்த மதிப்பைத் தீர்மானிப்பது கேமரா அல்ல, காவல்துறைதான்.

இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை 2016இல் சாதாரண உடையணிந்த அதிகாரிகளைச் சைக்கிளில் அனுப்பி, நெருக்கமாக முந்திச் செல்லும் ஓட்டுநர்களைப் பிடிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் வட வேல்ஸ் காவல்துறை, பொதுமக்கள் எடுக்கும் சாலை வீடியோக்களைப் பெற்று நடவடிக்கை எடுக்க 'ஆபரேஷன் ஸ்நாப்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. இந்த முறை பின்னர் வேல்ஸ் முழுவதற்கும், இங்கிலாந்தின் பல பகுதிகளுக்கும் பரவியது.

2022 ஜனவரியில் பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிக்கோவை திருத்தப்பட்டது. மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டரும், அதற்கு மேற்பட்ட வேகத்தில் கூடுதலாகவும் இடைவெளி விட வேண்டும் என்று அது அறிவுறுத்துகிறது. இந்த அறிவுறுத்தலை மீறுவது தன்னளவில் குற்றமாகாது. எனினும் கவனக்குறைவாக வாகனம் ஓட்டியதாகத் தொடரப்படும் வழக்கில் அதை ஆதாரமாகக் காட்டலாம்.

இங்கு நேரமும் முக்கியம். வழக்குத் தொடரும் எண்ணத்தை வாகனத்தின் பதிவு உரிமையாளருக்குக் காவல்துறை பொதுவாக 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். எனவே இரண்டு வாரம் கழித்து அனுப்பப்படும் வீடியோவால் பெரும்பாலும் பயனில்லை. சம்பவத்துக்கு முன்னும் பின்னும் நடந்தவை வெட்டப்படாமல் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் முறைப்பாட்டாளர் முன்வர வேண்டும் என்று காவல்துறை எதிர்பார்க்கிறது. சைக்கிளோட்டி தானே சிவப்பு விளக்கை மீறியிருந்தால், அதற்கும் அந்த வீடியோவே சாட்சியாகிவிடும்.

பிரபலங்களும் இதற்குத் தப்பவில்லை. திரைப்பட இயக்குநர் கை ரிச்சி 2019 நவம்பரில் லண்டன் ஹைட் பார்க் பகுதியில் காரை ஓட்டியபடி கைத்தொலைபேசியைப் பயன்படுத்தியதை ஒரு சைக்கிளோட்டி படம் பிடித்தார். 2020இல் ரிச்சிக்கு ஆறு மாதங்கள் வாகனம் ஓட்டத் தடை விதிக்கப்பட்டது. மறுபுறம், கால்பந்து வீரர் பிராங்க் லாம்பார்ட் மீது வீடியோ ஒன்றின் அடிப்படையில் தொடரப்பட்ட கைத்தொலைபேசி வழக்கு, போதிய ஆதாரம் இல்லை என்று 2022 ஜனவரியில் கைவிடப்பட்டது. வீடியோ இருந்தால் தண்டனை நிச்சயம் என்று கருதிவிட முடியாது என்பதற்கு இது உதாரணம்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும்

பிரிட்டனில் வரவேற்கப்படும் ஒரு செயல் ஐரோப்பாவின் வேறு நாடுகளில் சிக்கலை ஏற்படுத்தலாம். பல நாடுகளில் சிதறி வாழும் தமிழர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லது.

ஜெர்மனியில் நகருக்குள் சைக்கிளை முந்தும் வாகனங்கள் 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2020 முதல் சட்டமே கூறுகிறது. ஆனால் காரணமின்றித் தொடர்ச்சியாகச் சாலையைப் பதிவு செய்வது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டின் உச்ச நிலை சிவில் நீதிமன்றம் 2018 மே மாதம் கூறியது. அதேவேளை, அத்தகைய பதிவையும் விபத்து நட்டஈட்டு வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றும் அது தீர்ப்பளித்தது.

சுவிட்சர்லாந்து இன்னும் கடுமையானது. கார் ஒன்றில் பொருத்தப்பட்ட கேமராவில் தனிநபர் எடுத்த பதிவு தொடர்பான வழக்கில், பாரதூரமற்ற போக்குவரத்துக் குற்றங்களுக்கு அத்தகைய பதிவை ஆதாரமாகப் பயன்படுத்த முடியாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2014இலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2015இலும் ஒரு மீட்டர் இடைவெளியைச் சட்டமாக்கின. இத்தகைய சட்டம் உள்ள இடங்களில், எவ்வளவு நெருக்கமாக வாகனம் வந்தது என்பதே வழக்கின் மையமாகிறது. அங்கு கேமராவின் பங்கும் கூடுகிறது.

நீதிமன்றமா, இணையமா?

வீடியோ காவல்துறைக்குப் போகாமல் இணையத்துக்குப் போகும்போது மற்றொரு பிரச்சினை எழுகிறது. பிபிசி ஒலிபரப்பாளர் ஜெரமி வைன் 2016இல் லண்டனில் சைக்கிளில் சென்றபோது ஒரு கார் ஓட்டுநர் அவரை மிரட்டிய காட்சியை இணையத்தில் வெளியிட்டார். லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். அந்த ஓட்டுநர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

அதன் பிறகும் வைன் பல வீடியோக்களை வெளியிட்டு வந்தார். ஆனால் தம் மீது வந்து குவிந்த வசைகளும் மிரட்டல்களும் தாங்க முடியாத அளவுக்குச் சென்றுவிட்டதால் இனிச் சைக்கிள் வீடியோக்களை வெளியிடப் போவதில்லை என்று 2025 ஏப்ரலில் அவர் அறிவித்தார். சாலையில் தொடங்கிய பகை இணையத்தில் பன்மடங்காகப் பெருகியதை இது காட்டுகிறது. வழக்கு நிலுவையில் இருக்கும்போது காட்சிகளை வெளியிடுவது விசாரணைக்கே ஊறு விளைவிக்கலாம் என்று காவல்துறையினரும் எச்சரிப்பது வழக்கம்.

யாருடைய பொறுப்பு?

கேமராவுக்கு எதிரான வலுவான வாதம் வேறொன்று. பாதுகாப்புக்கான செலவும் உழைப்பும் பாதிக்கப்படுபவர் தலையிலேயே சுமத்தப்படுகின்றன என்பதே அது. கேமரா வாங்கி, பதிவைத் தேடி எடுத்து, படிவங்களை நிரப்பி, நீதிமன்றம் வரை செல்வதற்கு நேரமும் ஆங்கிலத் தேர்ச்சியும் வேண்டும். சைக்கிளில் உணவு விநியோகம் செய்து பிழைக்கும் புதிய குடியேறிகள் நாள் முழுவதும் வீதியில் நிற்பவர்கள். அவர்களுக்குத்தான் இந்த வசதிகள் மிகக் குறைவு.

நெதர்லாந்து வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கு பெரும்பாலான முக்கிய சாலைகளில் சைக்கிளுக்கெனத் தனிப் பாதைகள் உள்ளன. மோட்டார் வாகனம் சைக்கிளோட்டி மீது மோதினால், தவிர்க்கவே முடியாத விபத்து என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் வாகன உரிமையாளர் மீது சுமத்துகிறது. நட்டஈட்டைப் பொறுத்தவரை, தம் பக்க நியாயத்தை நிரூபிக்கச் சைக்கிளோட்டி கேமராவோடு திரிய வேண்டிய தேவை அங்கு குறைவு.

அத்தகைய பாதைகளும் சட்டமும் இல்லாத நகரங்களில், தினமும் வாகன நெரிசலுக்கிடையே பயணிப்பவர் கேமராவைப் பொருத்திக்கொள்வதில் நியாயம் உண்டு. உள்ளூர்ச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பதிவை உரிய காலத்துக்குள் காவல்துறையிடம் சேர்க்க வேண்டும். ஆனால் கேமரா இருக்கிறது என்ற துணிவில், இல்லாதபோது எடுக்காத அபாயத்தை எவரும் எடுக்கக் கூடாது. அது தரும் கூடுதல் இடைவெளி அதிகம் போனால் ஐந்து சென்டிமீட்டர்தான். எஞ்சிய இடைவெளியை உறுதிசெய்ய வேண்டிய கடமை சாலைகளை அமைக்கும் அரசாங்கங்களுக்கும் சட்டத்தை அமல்படுத்தும் காவல்துறைக்கும் உரியது.