பட்டறையும் பாலிடெக்னிக்கும்: சேலம்–நாமக்கல் சமவெளியில் மோட்டார்ப் படிப்பின் வரலாறு

சேலத்திலிருந்து தெற்கே ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூரை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையும், மேற்கே சங்ககிரி வழியாகக் கோவைக்குப் போகும் நெடுஞ்சாலையும், இவை இரண்டுக்கும் நடுவே திருச்செங்கோட்டைச் சுற்றிக் கிடக்கும் மானாவாரி நிலமும் சேர்ந்த சமவெளியில், மோட்டார் வாகனத்தைப் பற்றிய அறிவு இரண்டு தடங்களில் வளர்ந்தது. ஒன்று லாரிப் பட்டறையில் கைப்பழக்கமாக வளர்ந்தது. மற்றொன்று மூன்றாண்டு டிப்ளமோவாகப் பாலிடெக்னிக் வகுப்பறையில் வளர்ந்தது. லாரித் தொழில் செழித்த ஊர்களில் மோட்டார்ப் படிப்பும் அத்தொழிலின் தேவையிலிருந்தே முளைத்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வரலாறு அப்படி அமையவில்லை. இப்பகுதியில் டிப்ளமோவுக்கு வேலையும் மதிப்பும் தந்தவை, பட்டறைகளைக் காட்டிலும், அரசுப் பேருந்துக் கழகங்களும் மோட்டார் வாகனச் சட்டமுமே ஆகும்.

டிப்ளமோ என்ற ஒன்று வருமுன்பே தமிழ்நாட்டில் மோட்டார்க் கல்வி இருந்தது. 1840இல் குதிரை வண்டிகள் கட்டும் நிறுவனமாகச் சென்னையில் தொடங்கிய சிம்சனில், 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். வண்டி கட்டிய தச்சனும் கொல்லனும் மோட்டார் கட்டுபவர்களாக மாறிய கதைக்கு அதுவே முதற்சான்று. அக்காலத்தில் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் சேசிஸ் மட்டுமே, அதாவது எஞ்சினும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டம் மட்டுமே, கப்பலில் வந்தது. அதன்மேல் ஏறும் உடற்கூட்டை உள்ளூர்க் கைவினைஞர்கள் கட்டினார்கள். மதுரையில் 1911இல் தொழில் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனமும், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920இல் பேருந்து விட்ட ஜி.டி. நாயுடுவும் நடத்திய பணிமனைகளே அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூடங்கள். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்ததும், கரியை எரித்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டும் கலன்களைப் பேருந்துகளின் பின்புறம் பொருத்தி ஓட்டினார்கள். அந்த வித்தையையும் எவரும் வகுப்பில் உட்கார்ந்து படித்ததில்லை.

வகுப்பறைக் கல்வி தனிப்பாதையில் வந்தது. 1916இல் சென்னையில் தொழிற்பள்ளியாகத் தோன்றிய நிறுவனம் பின்னர் மத்திய பாலிடெக்னிக் ஆயிற்று. கோவையில் 1945இல் ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் எழுந்த பாலிடெக்னிக்கின் முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, நான்காண்டுப் படிப்பு காலத்தை வீணாக்குவது, இரண்டாண்டே போதும் என்று வாதிட்டு, அரசு இணங்காததால் விலகினார். பட்டறையில் வளர்ந்த ஒருவர் பாடத்திட்டத்தோடு நடத்திய அந்தச் சண்டை இன்றுவரை முடிந்ததாகச் சொல்ல முடியாது. 1949இல் சி. ராஜம் தம் மாளிகையை விற்றுக் குரோம்பேட்டையில் நிறுவிய சென்னைத் தொழில்நுட்பக் கழகம், வானூர்தி, மின்னணு, கருவியியல் ஆகியவற்றோடு ஆட்டோமொபைல் பொறியியலையும் தனித்துறையாக வைத்துத் தொடங்கியது. அறிவியல் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்ட அந்நிறுவனம் வழங்கிய சான்றிதழுக்கும் டிப்ளமோ என்றே பெயர். ஆனால் அது பொறியியல் பட்டத்துக்கு நிகரானது. பள்ளியிறுதி முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்துப் பெறுவது இதற்கு ஒரு படி கீழானது. இயந்திரப் பொறியியலுக்கு எல்.எம்.இ., ஆட்டோமொபைல் பொறியியலுக்கு எல்.ஏ.இ. என்ற பழைய எழுத்துகளாலும், பிற்பாடு டி.எம்.இ., டி.ஏ.இ. என்ற எழுத்துகளாலும் வழங்கிய அந்தச் சான்றிதழ், கருவி பிடிக்கும் தொழிலாளிக்கும் வரைபடம் போடும் பொறியாளருக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் மேற்பார்வையாளரை உருவாக்குவதற்கென வகுக்கப்பட்டது.

சேலத்துக்கு இக்கல்வி 1958இல் வந்தது. கருமுத்து தியாகராசன் செட்டியார் நிறுவிய தியாகராஜர் பாலிடெக்னிக், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தமிழகமெங்கும் பாலிடெக்னிக்குகள் பெருகிய வேகத்தில் எழுந்தது. அங்கு இயந்திரப் பொறியியல் படித்து வெளிவந்தவர்களுக்காகக் காத்திருந்தவை நூற்பாலைகளும், வெள்ளைக்கல் சுரங்கங்களும், மேட்டூர் ஆலைகளும், 1981இல் உற்பத்தியைத் தொடங்கிய உருக்காலையும் ஆகும். ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் நாமக்கல்லில் நூற்றுக்கணக்கில் லாரி கட்டிய பட்டறைகள் அவர்களை வேலைக்கு அழைக்கவில்லை. அவர்களும் அங்கே போக விரும்பவில்லை.

அப்பட்டறைகள் வளர்ந்த விதம் வேறு. 1948இல் தொடங்கி 1955இல் லேலண்டுடன் இணைந்த சென்னை அசோக் நிறுவனமும், 1954இல் மெர்சிடிஸ் பென்ஸ் கூட்டுறவில் லாரி செய்யத் தொடங்கிய டாட்டாவும் சந்தைக்குத் தந்தவற்றில் பெரும்பகுதி வெற்றுச் சேசிஸ்களே. மழையை நம்பிப் பயிரிட்டுச் சலித்த குடும்பங்கள், உறவினரோடு கூட்டுச் சேர்ந்தும் கடன் வாங்கியும் ஒரு லாரியை வாங்கின. பையன் கிளீனராக ஏறி, டிரைவராகி, பின்பு தானே ஓர் உரிமையாளனானான். வாங்கிய சேசிஸுக்கு ஊரிலேயே பாடி கட்டவேண்டியிருந்தது. பிற்காலத்தில் எரிவாயு டேங்கர்களும் டிரெய்லர்களும் நாமக்கல்லுக்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுக்கும் அடையாளமாயின.

பட்டறை வேலையைச் சற்று நெருங்கிப் பார்த்தால், அதில் எவ்வளவு பொறியியல் அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். தொழிற்சாலையிலிருந்து கேபின் இல்லாமல், திறந்த இருக்கையில் டிரைவர் உட்கார்ந்து ஓட்டிவந்த சேசிஸின் மேல் முதலில் சுண்ணக்கோடு போட்டு அளவு குறிப்பார்கள். பின் நீளவாட்டுச் சட்டங்களையும் குறுக்குச் சட்டங்களையும் ஏற்றுவார்கள். இரும்பும் இரும்பும் நேரே உராயாதபடி இடையில் மரக்கட்டையோ ரப்பரோ வைத்து, யூ போல்ட்டுகளால் இறுக்கிக் கட்டுவார்கள். சேசிஸின் விளிம்பில் துளை போடுவதையும் வெல்டிங் வைப்பதையும் அனுபவமுள்ள மேஸ்திரி தவிர்ப்பார். பாரம் ஏற்றிப் பள்ளம் மேட்டில் ஓடும்போது சட்டம் வளைந்து நிமிரும், துளை விழுந்த இடத்தில்தான் முதல் விரிசல் விடும் என்பதை, ஒடிந்து திரும்பிய வண்டிகளிலிருந்து அவர் கற்றிருந்தார். இதே செய்தியைப் பாலிடெக்னிக் மாணவன் பொருள்களின் வலிமை என்ற பாடத்தில், வளைவுத் திருப்புமை என்றும் தகைவுக் குவிவு என்றும் கணக்காகப் படித்தான். ஒருவரிடம் கணக்கு இல்லை. மற்றவர் ஒடிந்த சட்டத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. தச்சர், வெல்டர், டிங்கர், பெயின்டர், எலக்ட்ரீசியன், குஷன் தைப்பவர் என ஒவ்வொரு பிரிவும் தன் குருவைத் தன்னுள்ளேயே கொண்டிருந்ததால், சான்றிதழ் கேட்கவேண்டிய அவசியம் அங்கு எழவேயில்லை.

இரண்டு தடங்களும் கட்டாயமாகச் சந்தித்த இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானம். வாடகைக்கு ஓடும் வாகனம் சாலைக்குத் தகுதியானது என்று குறிப்பிட்ட கால இடைவெளியில் பெறவேண்டிய சான்றை லாரிக்காரர்கள் எஃப்.சி. என்பார்கள். அதற்கு முன் வண்டியைப் பட்டறையில் விட்டுப் பெயின்ட் அடித்து, பிரேக், விளக்கு, கதவு எல்லாவற்றையும் சீர்செய்வதற்கு எஃப்.சி. வேலை என்றே பெயர். அச்சான்றுக்காக வண்டியைச் சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு 1989இல் வகுத்த தகுதிகளின்படி, அவர் ஆட்டோமொபைல் அல்லது இயந்திரப் பொறியியலில் மூன்றாண்டு டிப்ளமோ பெற்றிருக்க வேண்டும்; இலகு ரக, கனரக வாகனங்கள் இரண்டையும் பழுதுபார்க்கும் பணிமனையில் குறைந்தது ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும்; லாரியும் பேருந்தும் ஓட்டும் உரிமமும் வைத்திருக்க வேண்டும். படித்தவனைப் பட்டறைக்கு அனுப்பிய சட்டம், பட்டறைக்காரனைப் படிக்க அனுப்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது. டி.என். 28 நாமக்கல்லுக்கும், டி.என். 34 திருச்செங்கோட்டுக்கும், டி.என். 52 சங்ககிரிக்கும் உரிய பதிவெண்கள் என்பதை நாட்டின் எந்தச் சுங்கச்சாவடியிலும் சொல்லக்கூடியவர்கள் இருக்கும் அளவுக்கு லாரிகள் பெருகிய பகுதியில், ஆய்வாளர் பணி டிப்ளமோவுக்குத் தனி மதிப்பை உண்டாக்கியதில் வியப்பில்லை.

அம்மைதானத்தில் எழும் வழக்குகளில் ஒன்று பின்நீட்டம் பற்றியது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் வீல்பேஸ் எனப்படும். பின் அச்சைத் தாண்டி உடற்கூடு நீளும் அளவு ஓவர்ஹேங் எனப்படும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், இந்நீட்டம் வீல்பேஸில் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கின்றன. ஆகவே 4,200 மில்லிமீட்டர் வீல்பேஸ் கொண்ட சேசிஸில் பின்நீட்டம் 2,520 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் பாரத்துக்காக உரிமையாளர் ஓர் அடி நீட்டிக் கட்டச் சொன்னால், முன் அச்சின் மேல் எடை குறைந்து ஸ்டியரிங் பிடிமானம் தளரும் என்பதை மேஸ்திரியும் அறிவார், ஆய்வாளரும் அறிவார். வேறுபாடு, ஒருவர் கூலி வாங்குபவர், மற்றவர் கையெழுத்துப் போடுபவர் என்பதில் இருந்தது.

டிப்ளமோவுக்கு நிலையான வேலைவாய்ப்பைத் தந்தது அரசுப் பேருந்துத் துறை. தனியார் வழித்தடங்கள் நாட்டுடைமையானபின் 1973இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம் அமைந்தது. அதே 1973இல் 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டம் திருத்தப்பட்டு, பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் ஊக்கத்தொகையுடன் பயிற்சி பெற வழி உண்டாயிற்று. அதன்பின் டெப்போக்களில் பழகுநர் அட்டையோடு நின்ற டி.ஏ.இ. இளைஞர்கள் பழக்கமான காட்சியானார்கள். போக்குவரத்துக் கழகங்களின் முயற்சியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் தோன்றி, 1984இல் ஈரோட்டில் பொறியியல் கல்லூரியையும், கிருஷ்ணகிரி உள்ளிட்ட ஊர்களில் பாலிடெக்னிக்குகளையும் நடத்தியது. எண்பதுகளில் சுயநிதிக் கல்வி நிலையங்களுக்குக் கதவு திறந்ததும் ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பகுதிகளில் பாலிடெக்னிக்குகள் பெருகின. லாரி உரிமையாளர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கு சேர்த்தது உண்மை. ஆனால் டிப்ளமோவிலிருந்து பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் வசதி வந்தபின், பலருக்கு அது பட்டறைக்குத் திரும்பும் வழியாக அமையாமல், பட்டறையை விட்டு வெளியேறும் படியாக அமைந்தது.

பட்டறையின் தன்னிறைவைக் குலைத்தது புகை விதி. பழைய டீசல் எஞ்சினில் எரிபொருள் பம்பும் நாசிலும் முழுக்க இயந்திரப் பாகங்கள்; தேர்ந்த மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வார். 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 4 என்ற புகைத் தரமும், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 தரமும் நடைமுறைக்கு வந்தபின், எரிபொருளின் அளவையும் நேரத்தையும் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க யூரியாக் கரைசல் தனித் தொட்டியிலிருந்து புகைக்குழாயில் பீய்ச்சப்படுகிறது. உணரி ஒன்று பழுதானால் வண்டியின் இழுவை குறையும். எங்கே பழுது என்பதை ஸ்கேனர் கருவியை மாட்டிக் குறியீட்டைப் படித்தால்தான் அறியமுடியும். டிப்ளமோ படித்தவரைத் தேடிப் பட்டறை வந்தது இந்தக் கட்டத்தில்தான்.

உடற்கட்டும் அதே வழியில் போகிறது. லாரிக் கேபின், உடற்கூடு, டிரெய்லர் ஆகியவற்றுக்கான ஏ.ஐ.எஸ். 093 விதித்தொகுப்பு வரைபடத்தையும் ஒப்புதலையும் கேட்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் கேபினில் குளிர்சாதன வசதி கட்டாயமாகியிருக்கிறது. இதனால் கேபின் தொழிற்சாலையிலேயே கட்டப்பட்டு வரும் போக்கு வலுப்பெற்று, பட்டறைக்குச் சரக்கேற்றும் பின்பகுதியே மிஞ்சும் நிலை நெருங்குகிறது. எஞ்சினையும் கியர்பெட்டியையும் விரிவாகக் கற்பித்த டிப்ளமோ, இச்சமவெளியின் முதன்மைத் தொழிலான உடற்கட்டைப் பெரும்பாலும் ஓரத்தில் வைத்ததும், பட்டறை தன் அளவுகளைத் தாளில் எழுதாமலே விட்டதும் இருபக்கத் தவறுகள். நாமக்கல்லின் மேஸ்திரிகளை ஆசிரியர்களாக அமர்த்தி, உடற்கட்டுக்கென்று தனி டிப்ளமோ ஒன்றை எழுபதுகளிலேயே தொடங்கியிருக்கலாம். அந்த மேஸ்திரிகளில் சிலரேனும் பணியில் இருக்கும்போதே இப்போதாவது அதைத் தொடங்குவது தொழில்நுட்பக் கல்வித் துறையின் கடமை.