கட்டப்படாத நாவல்

எண்பதுகளில் லண்டனில் கோட்டு சூட்டு போட்ட ஆசாமிகள் பலர் கையில் இருந்த பொருள் ஃபைலோஃபாக்ஸ். தோல் உறை, உள்ளே ஆறு வளையம், ஆறு ஓட்டை போட்ட தாள்கள். டைரி, முகவரிகள், வரைபடம் என்று எதையும் சொருகலாம், வேண்டாததை உருவலாம். 1921-ல் லண்டனில் தொடங்கிய நார்மன் அண்ட் ஹில் கம்பெனியின் சரக்கு இது. 'தகவல்களின் கோப்பு' என்று பொருள் வரும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிப் பெயர் வைத்தவர், அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்த கிரேஸ் ஸ்கர். 1940-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் அலுவலகம் அழிந்துபோனது. வாடிக்கையாளர், சப்ளையர் விவரங்களை அந்த அம்மா தன் ஃபைலோஃபாக்ஸில் எழுதி வைத்திருந்ததால் கம்பெனி பிழைத்தது. (பேக்கப் எடுக்கச் சொல்லி ஆபீஸில் கத்திக்கொண்டிருக்கும் என் போன்றவர்களுக்கு இது குலதெய்வக் கதை!)

சரி, இப்படி உருவிச் சொருகும் தாளில் ஒரு நாவல் வந்தால் என்ன ஆகும்? முகவரித் தாள் இடம் மாறினால் நஷ்டமில்லை, தேடி எடுத்துக்கொள்ளலாம். நாவலில் பக்கம் மாறினால் கதையே மாறிவிடும். அப்படியானால் உதிரித் தாள் எந்த மாதிரிக் கதைக்குப் பொருந்தும்?

வளையத்தைக்கூட விட்டுவிட்டு, வெறும் தாள்களைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. 1962-ல் பிரான்சில் மார்க் சபோர்தா வெளியிட்ட 'காம்போசிஷன் நம்பர் 1' அப்படிப்பட்டது. ஏறக்குறைய 150 தாள்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, பக்க எண் கிடையாது. சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டுப் படிக்க வேண்டும். யோசனை ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் ஏன் கலைக்க வேண்டும் என்பதற்கு இன்னும் வலுவான காரணம் வைத்திருந்தவர் இங்கிலாந்துக்காரர் பி.எஸ். ஜான்சன்.

ஜான்சன் பத்திரிகைக்குக் கால்பந்து ரிப்போர்ட்டும் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மேட்ச்சுக்காக நாட்டிங்ஹாம் போய் இறங்குகிறார். அவருடைய நண்பர் டோனியை முதலில் சந்தித்த ஊர் அது. டோனி 29 வயதில் புற்றுநோயால் இறந்துவிட்டார். ஒருபக்கம் மேட்ச் நடக்கிறது, இன்னொரு பக்கம் டோனியின் நினைவுகள் முன்பின்னாக வந்து மோதுகின்றன. இதுதான் 1969-ல் வந்த 'தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்'.

பெட்டிக்குள் 27 பகுதிகள். சில ஒரே பக்கம், சில பத்துப் பக்கத்துக்கு மேல். ஒன்றில் 'முதல்', இன்னொன்றில் 'கடைசி' என்று போட்டிருக்கும். நடுவிலுள்ள 25 பகுதிகளை எந்த வரிசையிலும் படிக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 25 ஃபேக்டோரியல், அதாவது 15-க்குப் பின்னால் 24 இலக்கங்கள். விநாடிக்கு ஒரு வரிசை என்று எண்ணினாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

ஓலைச்சுவடியில் கயிறு அறுந்து ஏடு மாறினால் பதிப்பாசிரியர் பாடு திண்டாட்டம். ஜான்சன் வேண்டுமென்றே கயிற்றை அறுத்தார். ஒரு தாளில் டோனி படுத்த படுக்கையாகக் கிடப்பார். அடுத்து எடுக்கும் தாளில் திடகாத்திரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்களுக்கு இது புதிதல்ல. செத்தவர் ஞாபகம் தேதிவாரியாகவா வருகிறது?

இதிலும் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை என்று ஜான்சனே பின்னால் எழுதினார். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் வாக்கியங்கள் வரிசையில்தானே நிற்கின்றன! ஆனாலும் கட்டிய புத்தகத்தைவிட இது மேல் என்பது அவர் கட்சி. 1973-ல், 40 வயதில், அவர் தற்கொலை செய்துகொண்டார். 1999-ல் நாவல் மறுபடி வந்தபோதும் பெட்டியில்தான் வந்தது.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது பெட்டியின் உட்புறம். அந்த மேட்ச் ரிப்போர்ட்டை அங்கே அச்சடித்திருக்கிறார்கள். அதில் ஆட்டம் ஒழுங்காகத் தொடங்கி ஒழுங்காக முடிகிறது. டோனியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.