சுரமும் உடற்காப்பும்: ஒரு கருத்தின் வரலாறு

நோய்ப்பெயர்கள் பல அந்நோயின் புறத்தோற்றத்தினின்றே பிறந்தவை. 'காய்' என்னும் வினையடியாகப் பிறந்தது காய்ச்சல். வெம்மைப் பொருளது வெப்பு. திருஞானசம்பந்தர் பாண்டியனுக்குத் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுவதும் வெப்புநோயே. நோயைக் குறிக்கும் சுரம் வடசொல்லின் வழிவந்தது; பாலைவழியைக் குறிக்கும் சுரம் வேறு. கிரேக்கரும் தீயைக் குறிக்கும் சொல்லின் அடியாகவே இந்நோய்க்குப் பெயரிட்டனர். இவ்வாறு வெப்பமே நோயின் பெயராயிற்று. பெயரானமையின் அதுவே நோய் என்று கொள்வதும் எளிதாயிற்று. அவ்வெப்பம் நோயோ, நோயை எதிர்க்கும் உடலின் செயலோ என்னும் வினா மேலை மருத்துவத்தில் வளர்ந்த வகையினை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வினாவுக்குப் பண்டே இருவகை விடைகள் இருந்தன. இப்போக்கிரேட்டிசின் பெயரால் வழங்கும் நூல்களில், உடலின் நீர்மங்கள் வெப்பத்தாற் பக்குவமுற்று, கேடானவை வெளியேறும் என்னும் கொள்கை காணப்படுகிறது. கி. பி. 2ஆம் நூற்றாண்டினரான கேலன், சுரத்தை இயற்கைக்கு மாறான வெப்பம் என்றார். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த தாமசு சிடன்காம், பகையை வெளியேற்ற இயற்கை கையாளும் கருவியே சுரம் எனக் கொண்டார். எனினும் இக்கருத்துகளுள் எதனையும் அளந்தறிய அன்று வழியில்லை.

அளவை 19ஆம் நூற்றாண்டில் வந்தது. செருமனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல்வெப்பக் குறிப்புகளைத் தொகுத்து, 1868இல் தம் நூலை வெளியிட்டார். சுரம் தனியொரு நோயன்று, நோயின் அறிகுறியே என்பது அவர்தம் முடிபு. 1875இல் லீபர்மைசுட்டர் மேலும் ஒருபடி சென்றார். சுரமுற்ற உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழப்பதில்லை. அதனை உயர்ந்த ஓர் அளவில் நிறுத்திக் காக்கிறது என்றார். சுரம் ஏறுங்கால் நோயாளி நடுங்குவதும் போர்வை தேடுவதும் இதனால் விளங்கும். உடல் தானே மேற்கொள்ளும் செயல் என்றால், அதற்குப் பயன் ஒன்று இருத்தல் கூடும் அன்றோ? ஆயின் அவ்வினா தெளிவுபெறு முன்னரே வெப்பந்தணிக்கும் மருந்துகள் பெருகின. 1899இல் ஆசுபிரின் விற்பனைக்கு வந்தது. அறிகுறியைத் தணித்தலே மருத்துவம் என்னும் வழக்கம் வேரூன்றியது.

இதற்கு நேர்மாறான முயற்சி வியன்னாவில் நிகழ்ந்தது. மனநோயாளர் சிலர் கடுஞ்சுரம் கண்டபின் நலம்பெறுதலை வாக்னர்-யௌரெக் 1887இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். 1917இல், கிரந்திநோய் மூளையைத் தாக்கியதால் அறிவு திரிந்த ஒன்பதின்மர்க்கு மலேரியா நோயாளியின் குருதியைச் செலுத்திச் சுரம் வருவித்தார். பின்னர்க் கொயினாவால் மலேரியாவைத் தணித்தார். அவருள் அறுவர் தேறினர். தேறியோரிலும் சிலர் மீண்டும் நோயுற்றனர். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் இம்மருத்துவம் உயிரிழப்புக்கும் இடந்தந்தது. உரிய ஒப்பீட்டாய்வு இல்லாமையால், நலம் செய்தது வெப்பமே என்று துணிதற்கும் இடமில்லை. 1940களில் பெனிசிலின் வந்ததும் அம்முறை மறைந்தது.

துணிதற்குரிய சான்றை ஒரு பல்லியினமே தந்தது எனலாம். பாலை இகுவானா தன்னுடல் வெப்பத்தைத் தானே ஆக்க இயலாதது. வெயிலை நாடியே உடலைச் சூடாக்கிக்கொள்வது. நுண்ணுயிர் செலுத்தப்பட்டபின் அது வழக்கத்தினும் வெப்பமான இடத்தை நாடுவதை மிச்சிகன் பல்கலைக்கழகத்துக் குளூகரும் உடனாய்வாளரும் 1974இல் காட்டினர். அவ்வுயிரியை வைக்கும் அறையின் வெப்பத்தை வரையறுத்தால், அதன் உடல்வெப்பமும் வரையறைப்படும். ஆகவே 1975இல், நோயூட்டிய பல்லிகளை 34 முதல் 42 பாகை செல்சியசு வரையிலான அறைகளில் வைத்து நோக்கினர். வெப்பம் மிக்க அறைகளில் பிழைத்தவை மிகுதி. குறைந்தவற்றில் இறந்தவை மிகுதி. 1976இல் வெப்பந்தணிக்கும் மருந்து கொடுத்தபோது, சுரம் ஏறாத பல்லிகள் மாண்டன. வெப்பம் காக்கும் என்பதற்கு இது நேரிய சான்றாம்.

காக்கும் முறையும் பின்னர்த் தெளிவாயிற்று. நுண்ணுயிரை எதிர்கொள்ளும் வெண்குருதி அணுக்கள் இன்டர்லூக்கின் முதலிய புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டலால் தோன்றும் புரோசுட்டாகிளாண்டின் என்னும் பொருள், மூளையின் ஐப்போதலாமசுப் பகுதியில் வெப்ப அளவை உயர்த்துகிறது. ஆசுபிரின் அப்பொருள் உண்டாவதைத் தடுக்கிறது என்பதை 1971இல் சான் வேன் நிறுவினார். உயர்ந்த வெப்பம் சில நுண்ணுயிர்களின் பெருக்கத்தைக் குறைக்கிறது. நிணநீர் அணுக்கள் குருதிக்குழாய்ச் சுவரைப் பற்றி நிணநீர்க் கணுக்களுட் புகுதலையும் மிகுவிக்கிறது. எனவே சுரம் எதிர்ப்பாற்றலின் விளைவாகவும் அதற்குத் துணையாகவும் ஒருங்கே அமைகிறது என்க.

ஆயின் இத்துணை விலையின்றிக் கிடைப்பதன்று. வெப்பம் ஒரு பாகை ஏறுந்தோறும் உடலின் ஆற்றற்செலவு பத்திலொரு பங்களவு பெருகும். இதயம் நலிந்தார்க்கு அது பெருஞ்சுமை. வெயிலின் தாக்குதலால் உடல் கட்டிழந்து சூடேறுதல் சுரமன்று. அதனை உடனே தணித்தல் வேண்டும். ஆத்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிரக் கண்காணிப்பிலிருந்த 700 நோயாளரை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த முடிபும் நோக்கத்தக்கது. நோய்த்தொற்று ஐயுறப்பட்ட அவருக்குப் பாராசிட்டமால் கொடுத்ததனால், தீவிரக் கண்காணிப்பின்றி அவர் கழித்த நாட்களின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பல்லியிற் கண்டதை அப்படியே மாந்தர்க்கு ஏற்றுதல் பொருந்தாது என்பதும், வெப்பத்தைக் கண்டவுடன் தணித்தே தீரவேண்டும் என்பதற்குச் சான்றில்லை என்பதும் இதனால் ஒருசேரப் பெறப்படும்.

ஆகவே இவ்வரலாறு காட்டுவது, பண்டையோர் அறியாமையைப் பின்னோர் வென்ற கதையன்று. சிடன்காமின் கருத்து, அளவையும் ஆய்வும் பெற்று, வேறு வடிவில் மீண்டமையையே நாம் காண்கிறோம். மாறியது வினாவே. வெப்பத்தைத் தணிப்பது எவ்வாறு என்று கேட்ட மருத்துவம், யாருக்கு, எப்பொழுது, எதன்பொருட்டுத் தணிப்பது என்று கேட்கத் தொடங்கியது. காய்ச்சல் என்னும் பெயர் வெப்பத்தை மட்டுமே சுட்டும். அவ்வெப்பத்தை எழுப்பிய காரணத்தை நாடுதலே மருத்துவன் கடன்.