மோட் சிப்

மோட் சிப் அல்லது மாற்றுச்சில்லு என்பது, நிகழ்பட ஆட்ட இயந்திரத்தில் தயாரிப்பாளர் அமைத்துள்ள பூட்டைக் கடப்பதற்காகப் பின்னர் பொருத்தப்படும் சிறிய மின்னணுச் சில்லு ஆகும். இது பொருத்தப்பட்ட இயந்திரம், படியெடுத்த வட்டுகளையும், வேறு நாட்டில் வாங்கிய அசல் வட்டுகளையும், பயனர்கள் தாமே எழுதிய நிரல்களையும் ஏற்கும். இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியும் திறன் சில்லுக்கு இல்லை. இது பற்றிய சட்டச் சிக்கல்களுக்கு அடிப்படை இதுவேயாகும். சில்லு இன்றி மென்பொருள் வழுவைப் பயன்படுத்திப் பூட்டைத் திறப்பது ஜெயில்பிரேக் எனப்படுகிறது.

பூட்டின் பொருளியல்

ஆட்ட இயந்திரங்கள் பல, தொடக்க ஆண்டுகளில் உற்பத்திச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்கப்படுகின்றன. 60 கிகாபைட்டு பிளேஸ்டேசன் 3 இயந்திரத்தின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 840 டாலர் என ஐசப்ளை ஆய்வு நிறுவனம் 2006இல் மதிப்பிட்டது. அதன் விற்பனை விலையோ 599 டாலர். இந்த இழப்பு, விற்கப்படும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆட்ட வெளியீட்டாளர்கள் செலுத்தும் உரிமத் தொகையால் ஈடுசெய்யப்படுகிறது. ஆகவே தயாரிப்பாளரின் ஒப்புதல் பெறாத ஆட்டம் இயங்காமல் தடுக்கும் பூட்டு, இத்தொழிலின் வருவாயைக் காக்கும் கருவியாக உள்ளது.

பூட்டில்லா இயந்திரமும் இந்தியாவும்

நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் இயந்திரத்தில் பூட்டுச் சில்லு இல்லை. 1985இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான அதன் மறுவடிவத்தில் 10என்இஎஸ் என்ற பூட்டு சேர்க்கப்பட்டது. இயந்திரத்தில் ஒரு சில்லும் ஆட்டப் பேழையில் ஒரு சில்லும் இருக்கும். இரண்டும் ஒரே குறித்தொடரை ஒரே வேளையில் உருவாக்காவிட்டால் இயந்திரம் மீண்டும் மீண்டும் தொடக்க நிலைக்குத் திரும்பும்.

பூட்டில்லாத ஃபேமிகாம் வடிவமே ஆசிய நாடுகளில் பெருமளவில் நகலெடுக்கப்பட்டது. 1990களிலும் 2000களிலும் இந்தியச் சந்தைகளில் 'டிவி கேம்', 'வீடியோ கேம்' என்ற பெயர்களில் விற்ற மலிவு இயந்திரங்களுள் பல இவ்வகை நகல்களாகும். தமிழ்நாட்டில் இவற்றின் ஆட்டப் பேழைகள் 'கேசட்' எனப்பட்டன. பல்லாயிரம் ஆட்டங்கள் உள்ளதாக மேலட்டையில் அச்சிட்ட கேசட்டுகளில், சில ஆட்டங்களே சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப இடம்பெற்றன. பிந்தைய நகல்களில் இயந்திரத்தின் மையச் சுற்றுகள் அனைத்தும் கறுப்புப் பசைத் துளியால் மூடப்பட்ட ஒரே சில்லில் அடங்கின.

செயல்படும் விதம்

1994இல் வெளியான முதல் பிளேஸ்டேசனின் பூட்டு, வட்டிலேயே அமைந்திருந்தது. அசல் வட்டின் தொடக்கப் பகுதியிலுள்ள தடம் மிக நுண்ணிய அளவில் நெளிந்து செல்லும். அந்நெளிவில் நான்கு எழுத்துக் குறி ஒன்று பதிந்திருக்கும். ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, வட அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ என்பன அக்குறிகளாகும். வீட்டுக் கணினியின் வட்டு எழுதியால் இந்நெளிவை உருவாக்க இயலாது. மோட் சிப் இக்குறியைத் தானே உருவாக்கி, உரிய கம்பி வழியாக இயந்திரத்துக்கு அனுப்பியது. இதற்கு விலை குறைந்த ஒரு நுண்கட்டுப்படுத்தியும் சில பற்றவைப்புகளுமே போதுமானவையாக இருந்தன.

இதை எதிர்கொள்ளச் சில ஆட்டங்கள், குறி வரக்கூடாத வேளையில் அதனைச் சோதித்தன. அப்போதும் குறி வந்தால் ஆட்டம் நின்றுவிடும். இயந்திரம் தொடங்கியதும் அமைதியாகிவிடும் சில்லுகள் அதற்கு விடையாக உருவாயின.

இயந்திரப் பதிப்புகள்

வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இயந்திரங்களின் உள்ளமைப்பு ஆண்டுதோறும் மாறக்கூடும். இம்மாற்றங்களின் முதன்மை நோக்கம் செலவுக் குறைப்பு ஆகும். எனினும் திறக்கப்பட்ட வழிகளை அடைக்கவும் அவை பயன்பட்டன.

முதல் பிளேஸ்டேசன்: ஏமாற்றுக் குறிப் பேழைகள் செருகப்பட்ட பின்புற இணைவாய், 9000 வரிசையில் நீக்கப்பட்டது.

பிளேஸ்டேசன் 2: 2000இல் வெளியானது. தொடக்ககால மோட் சிப்களுக்கு ஏறத்தாழ 20 கம்பிகளைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. 2004இல் வந்த மெல்லிய 70000 வரிசையில் வன்தட்டு அறை நீக்கப்பட்டது. 2008இல் நினைவக அட்டை மூலம் பூட்டைக் கடக்கும் மென்பொருள் வெளியானது. 90000 வரிசையின் பிந்தைய இயந்திரங்களில் அவ்வழி அடைக்கப்பட்டது.

எக்ஸ்பாக்ஸ்: 2001இல் வெளியானது. ஆண்ட்ரூ ஹுவாங் என்ற மாணவர், இரு சில்லுகளுக்கு இடையே ஓடும் தரவை இடைமறித்து, தொடக்க நிரலின் மறைகுறிச் சாவியை 2002இல் கண்டறிந்தார். மைக்ரோசாப்ட் தனது 1.1 பதிப்பில் தொடக்க முறையை மாற்றியது.

பிளேஸ்டேசன் 3: லினக்சு இயங்க இடமளித்த வசதியை சோனி 2010 ஏப்ரலில் ஒரு மென்பொருள் இற்றை மூலம் நீக்கியது. அவ்வாண்டு திசம்பரில், மின்கையொப்பம் இடும்போது ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய தற்போக்கு எண்ணை சோனி மாற்றாமல் பயன்படுத்தியதை ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு வெளிப்படுத்தியது. இதனால் நிறுவனத்தின் தனிச்சாவியையே கணக்கிட முடிந்தது.

நின்டெண்டோ சுவிட்ச்: 2018இல் இதன் டெக்ரா எக்ஸ்1 சில்லின் தொடக்க நினைவகத்தில் வழு கண்டறியப்பட்டது. விற்றுவிட்ட இயந்திரங்களில் இதனை இற்றை மூலம் திருத்த இயலாது. ஆகவே புதிய இயந்திரங்களில் மட்டுமே வழு நீக்கப்பட்டது.

இந்தியாவில் போட்டி

எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவில் 2006 செப்டம்பரில் வெளியிடப்பட்டது. நடிகர் அக்சய் குமாரும் துடுப்பாட்டக்காரர் யுவராஜ் சிங்கும் அதன் விளம்பரத் தூதர்களாயினர். பிளேஸ்டேசன் 3 இந்தியாவில் 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய் விலையில் வந்தது. இவ்விலையை எட்ட இயலாத பலருக்குப் பிளேஸ்டேசன் 2 இயந்திரமே மேலும் பல ஆண்டுகள் வாய்ப்பாக இருந்தது. மணிக்கணக்கில் கட்டணம் பெறும் விளையாட்டு நிலையங்களிலும் அதுவே நெடுங்காலம் பயன்பட்டது.

இச்சந்தைக்கெனச் சோனி இந்திய ஆட்டங்களையும் வெளியிட்டது. ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட 'அனுமான்: பாய் வாரியர்', கில்லி முதலிய நாட்டு விளையாட்டுகளைக் கொண்ட 'தேசி அட்டா' ஆகியவை 2009இல் பிளேஸ்டேசன் 2க்கு வெளியாயின. அவ்வியந்திரத்தின் உற்பத்தி 2013 சனவரியில் உலகளவில் நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டைக் கடக்கும் கருவிகளின் விற்பனையையே தடை செய்கிறது. சுவிட்ச் இயந்திரத்துக்கான இத்தகைய கருவிகளை விற்ற குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022 பிப்ரவரியில் 40 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மாறாக, பிளேஸ்டேசன் மோட் சிப் விற்பனை அன்றைய சட்டப்படி குற்றமன்று என ஆத்திரேலிய உயர் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. பின்னர் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இல் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மூலம் 65அ பிரிவு சேர்க்கப்பட்டது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டைக் கடப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இப்பிரிவு வழி செய்கிறது. இங்குக் குற்றத்தைத் தீர்மானிப்பது நோக்கமே ஆகும். சட்டம் தடை செய்யாத நோக்கத்துக்காகப் பூட்டைத் திறப்பதையும், மறைகுறியாக்க ஆய்வையும், உரிமையாளரின் ஒப்புதலுடன் செய்யும் பாதுகாப்புச் சோதனையையும் இப்பிரிவு விலக்கி வைக்கிறது. ஆனால் தடை செய்யப்படாத நோக்கத்துக்காகப் பிறருக்குப் பூட்டைத் திறக்க உதவுபவர், அவரது பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். 2012இல் சோனி தொடுத்த ஒரு வழக்கில், தனது ஆட்ட இயந்திரங்களில் மாற்றம் செய்வதற்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் எதிர்த்தரப்பைக் கேளாமலேயே தடை ஆணை பிறப்பித்தது.

பழுதுபார்ப்பும் பூட்டும்

பூட்டு, திருட்டுப் படிகளை மட்டும் தடுப்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் 360இன் வட்டு இயக்கியில் உள்ள சாவி, அதே இயந்திரத்தின் தாய்ப்பலகையுடன் மட்டும் பொருந்தும். இயக்கி பழுதானால், வேறொரு இயந்திரத்தின் இயக்கியைக் கழற்றிப் பொருத்துவது மட்டும் போதாது. பழைய சாவியையும் மாற்றி எழுதவேண்டும். அதாவது நேர்மையான பழுதுபார்ப்புக்கும் பூட்டைத் தொட வேண்டியுள்ளது.

கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு நாட்டுப் பகுதிகளில் நீரேற்று மோட்டார் எரிந்துவிட்டால், எந்த நிறுவனத்தின் மோட்டாராயினும் அருகிலுள்ள பட்டறையில் கழற்றி, காயில் கட்டி, மீண்டும் ஓட்டுவது வழக்கம். வாங்கிய பொருளைத் திறப்பதற்குத் தயாரிப்பாளரின் ஒப்புதல் அங்குத் தேவைப்படுவதில்லை. மென்பொருள் பூட்டு இந்நிலையை மாற்றுகிறது. இந்திய நுகர்வோர் நலத்துறை 2022 சூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசி மற்றும் மின்னணுக் கருவிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், தானுந்துகள் ஆகிய நான்கு துறைகள் அதன் எல்லைக்குள் வந்தன. ஆட்ட இயந்திரத்தில் முன்பே எழுந்த கேள்வி, இவ்வாறு உழவுக் கருவிகள் வரை நீண்டுள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

நிகழ்பட ஆட்டம்
பிளேஸ்டேசன் 2
பதிப்புரிமை
மறைகுறியியல்
பழுதுபார்க்கும் உரிமை